மரபுத்தொடரும் பேசுவோன் பொறுப்பும்

சொற்களின் தனித்தனிப் பொருளைக் கூட்டிப் பெறமுடியாத பொருளைத் தரும் தொடரை மரபுத்தொடர் என்பர். ‘வாளியை உதைத்தான்’ என்று ஆங்கிலேயர் கூறினால் ஒருவன் இறந்துபோனான் என்பதே பொருள். அங்கு வாளியும் இல்லை, உதையும் இல்லை. ‘பூனைகளும் நாய்களுமாய்ப் பொழிகின்றது’ என்றால் மழை கடுமையாகப் பெய்கின்றது என்பதற்கு மேல் அதில் யாதுமில்லை. இலங்கையில் ஆங்கிலம் பயிலும் மாணவர் இத்தகைய தொடர்களைப் பயிற்சிக் கொப்பியின் இடப்பக்கத்தில் எழுதி, வலப்பக்கத்திற் பொருளெழுதி, மனனஞ் செய்து பரீட்சைக்குச் செல்வர். பரீட்சைக்கு அது போதும். ஆனால் பட்டியலில் உள்ள தொடர்கள் யாவும் ஒரே தன்மையன என்ற எண்ணத்தையும் அப்பழக்கம் உள்ளத்தில் விதைத்துவிடுகின்றது. உதைபட்ட வாளியும் அழுகிய அப்பிளும் அங்கு அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. முன்னையது ஒரு செய்தியைக் கூறுகின்றது. பின்னையது ஒரு முடிவை நிறுவ முயல்கின்றது. இவ்வேறுபாடு மொழி பயில்வோனைக் காட்டிலும் ஒழுக்கவியல் பயில்வோனுக்கே பெரிதும் வேண்டற்பாலது.

வினா இதுதான்: தான் ஆக்காத தொடரொன்றை, ஊரார் அனைவரும் வழங்கும் தொடரொன்றை, ஒருவன் எடுத்தாளும்போது அத்தொடருள் அடங்கியிருப்பதற்கு அவன் பொறுப்பாளியாவானா?

பொறுப்பில்லை என்போர் கூறும் நியாயம் வலிமை குன்றியதன்று. ஒரு சொல்லின் பொருள், பெரும்பாலான இடங்களில், மொழியில் அச்சொல் பயன்படும் முறையே என விற்கன்ஸ்ரைன் காட்டினார். அவர் மறைந்தபின் 1953இல் வெளியான ‘மெய்யியல் ஆய்வுகள்’ என்ற நூலிற் காணப்படும் இக்கருத்தை ஏற்றால், ஒரு தொடரின் பழைய வரலாறு இன்றைய பேச்சாளனைக் கட்டுப்படுத்தாது. இலத்தீனத்தில் ‘அறியாதவன்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்து, மத்தியகால ஆங்கிலத்தில் ‘மூடத்தனமான’ என்ற பொருளில் வழங்கிய ‘நைஸ்’ என்னுஞ் சொல் இன்று ‘இனிமையான’ என்று பொருள்படுகின்றது. விருந்தளித்தவரை அச்சொல்லாற் பாராட்டுபவர் அவரை மூடர் என்கின்றார் எனக் குற்றஞ்சாட்டுவது நகைப்புக்கிடமானது. பழையன கழிந்து புதியன புகுதலை வழுவன்று என ஏற்றுக்கொண்ட நன்னூலாரின் மரபில் வந்தோர் இதனை மறுக்கவும் இயலாது.

பொறுப்புண்டு என்போருள் முதன்மையானவர் ஜோர்ஜ் ஓர்வெல். அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி 1946இல் அவர் எழுதிய கட்டுரையில், உயிரிழந்துகொண்டிருக்கும் உருவகங்களைப் பொருளறியாது கையாள்வோரைக் கடிந்துரைக்கின்றார். அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் சம்மட்டியும் பட்டடையும் ஒன்று. இவ்விரண்டையும் இணைத்துப் பேசுவோர் பட்டடையே அடிபட்டு நலிவதாகக் கருதுகின்றனர். உண்மையிற் பட்டடைதான் சம்மட்டியை உடைக்கும். கொல்லன் பட்டறையை ஒருமுறை எட்டிப் பார்த்தவனும் இத்தவற்றைச் செய்யான். எழுதுவோன் தன் சொல்லில் மனஞ்செலுத்தவில்லை என்பதற்கு இது சான்று என்பது ஓர்வெலின் வாதம். வாதம் கூர்மையானதே. எனினும் அது பெரும்பாலும் அசட்டையை நோக்கியது. அசட்டை ஒரு குறைபாடு. ஆயின் மரபுத்தொடர் அதனினும் பெரிய குற்றங்களுக்கும் துணைபோதல் கூடும்.

இரு கட்சியாருக்குமிடையே தீர்ப்புக் கூறுவதற்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகின்றது. தொடரிலுள்ள காட்சி பேச்சில் ஏதேனும் வேலை செய்கின்றதா என்று வினவுவதே அவ்வளவுகோல் எனலாம். வாளியை உதைத்தல் என்பதிற் காட்சி முற்றாக அழிந்துவிட்டது; வாளியின் இயல்பிலிருந்து எவரும் இறந்தவரைப் பற்றி எதனையும் உய்த்துணர்வதில்லை. ஆகவே அங்கு பொறுப்பென்ற பேச்சுக்கே இடமில்லை. வேறு சில தொடர்களிலோ, காட்சி மறைந்ததுபோற் கிடந்தவாறே காரணங் காட்டிக்கொண்டிருக்கின்றது. கேட்போன் ஒரு முடிவுக்கு வருவது அக்காட்சியின் வலிமையாலேயே. அக்காட்சியிலிருந்து பயன்பெறுபவன் அதற்குப் பொறுப்பேற்கவும் வேண்டும்.

காட்சி உயிரோடிருந்து நேர்மையாக வேலை செய்யும் தொடர் ஒன்றை முதலில் நோக்கலாம். தெரிந்தே ஒன்றைக் காணாதிருத்தலைக் ‘குருட்டுக் கண்ணைத் திருப்புதல்’ என்பர் ஆங்கிலேயர். 1801 ஏப்பிரல் 2ஆந் திகதி கொப்பன்ஹேகன் கடற்போரிற் சண்டையை நிறுத்துமாறு தளபதி ஹைட் பாக்கரின் கப்பலிலிருந்து 39ஆம் இலக்கக் கொடிச்சைகை ஏற்றப்பட்டபோது, நெல்சன் தொலைநோக்கியைத் தம் குருட்டுக் கண்ணில் வைத்து, சைகை தமக்குத் தெரியவில்லை என்றார் என்பது கதை. கோர்சிக்காவின் கல்வி முற்றுகையில் 1794இல் அவர் வலக்கண் பார்வையை இழந்திருந்தார். கதை பின்னர் மெருகூட்டப்பட்டது என்று வரலாற்றாசிரியர் ஐயுறுவதுண்டு. அது இங்கு தடையன்று. அறியாமைக்கும் அறிய மறுப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒரே காட்சியில் இத்தொடர் அடக்கிவிட்டது என்பதே நோக்கத்தக்கது. காணாதவன் குற்றமற்றவன், காணக்கூடிய கண்ணை விடுத்துக் காணாத கண்ணைத் தேர்ந்தவன் அவ்வாறல்லன்.

ஆங்கிலச் சட்டம் இத்தொடரை ஏற்றுக்கொண்டமை வியப்பன்று. கடற்பயணத்துக்குத் தகுதியற்ற கப்பலை உரிமையாளர் அறிந்தே அனுப்பினரா என்ற வினா 1906ஆம் ஆண்டின் கடற்காப்புறுதிச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்கீழ் எழும். (கொடிச்சைகையின் இலக்கமும் சட்டப்பிரிவின் இலக்கமும் ஒன்றாயமைந்தது தற்செயலே, சட்டமாணவருக்கு நினைவிற்கொள்ள அது உதவும்.) ‘ஸ்டார் சீ’ என்ற கப்பல் தொடர்பான வழக்கில் 2001இல் பிரபுக்கள் சபை ‘குருட்டுக்கண் அறிவு’ எதுவென வரையறுத்தது. கவனயீனம் மட்டும் அதற்குப் போதாது. குறித்த ஒரு நிலைமை பற்றி உறுதியான ஐயம் இருத்தல் வேண்டும். அவ்வையம் மெய்யாகிவிடும் என்ற அச்சத்தால் விசாரிக்காது விடுவதென்ற தீர்மானமும் இருத்தல் வேண்டும். அவ்வழக்கில் உரிமையாளர் அத்தகைய அறிவுடையோராகக் காணப்படவில்லை, காப்புறுதியாளரே தோற்றனர். கடற்போர்க் கதையொன்று, குற்றவாளியைச் சுட்டுவதற்கு மட்டுமன்றிக் குற்றமற்றவனைக் காப்பதற்கும் பயன்பட்ட செய்தி இது. மரபுத்தொடர் சிந்தனைக்கு எப்போதும் பகை என்ற கூற்று இதனால் அடிபட்டுப் போகின்றது.

இனி அழுகிய அப்பிள். பழமொழியின் ஆதிக்கருத்து எவ்வித ஐயத்துக்கும் இடமற்றது: அழுகிய பழமொன்று பீப்பாயிலுள்ள ஏனைய பழங்களையும் கெடுத்துவிடும். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோசர் பாடிய சமையற்காரன் கதையில், களியாட்டத்தில் மூழ்கிய தொழில்பழகுநன் ஒருவனை அவன் எசமானன் வேலையிலிருந்து நீக்குவது இப்பழமொழியை நினைந்தே. பெஞ்சமின் பிராங்கிளின் 1736ஆம் ஆண்டுக்கான தம் பஞ்சாங்கத்தில் இதே கருத்தைச் சேர்த்துக்கொண்டார். அறிவியலும் பழமொழியின் பக்கமே நிற்கின்றது. பழுத்த அப்பிள் எதிலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றது என்பதை 1934இல் ரிச்சர்ட் கேன் நிறுவினார். அவ்வாயு அருகிலுள்ள காய்களை விரைந்து கனியச் செய்யும். கனிந்து மென்மையுற்றவற்றிற் பூஞ்சணம் எளிதிற் பற்றும். ஒன்று கெட்டால் அதனோடு கிடப்பவற்றையும் உடனே சோதிக்க வேண்டும் என்பதே தோட்டக்காரன் கண்ட உண்மை.

இருபதாம் நூற்றாண்டில் இத்தொடர் தலைகீழாயிற்று. ‘ஒருசில அழுகிய அப்பிள்கள்தாம்’ என்று ஒரு நிறுவனத்தின் தலைவர் கூறினால், பீப்பாய் தூய்மையானது, ஏனையவற்றைச் சோதிக்கத் தேவையில்லை என்பதே கருத்து. ஒஸ்மண்ட்ஸ் சகோதரரின் பாடலொன்று பழமொழியை நேரடியாகவே மறுத்துரைத்து, 1971இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் நின்றது. காதற் பாட்டுக்கு அது பொருந்தும், எவருக்கும் தீங்கில்லை. ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில் நியூயோர்க் நகரப் பொலிஸாரின் இலஞ்சம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த நாப் ஆணைக்குழு இத்தொடரைப் பெருந்தடையாகக் கண்டது. பிராங்க் செர்பிக்கோ முதலிய உத்தியோகத்தரின் முறைப்பாடுகள் பத்திரிகையில் வெளிவந்தபின் 1970இல் மேயர் லின்ட்சே நியமித்த குழு அது. இலஞ்சம் பெற்று அகப்படும் ஒவ்வொரு பொலிஸ்காரனையும் தூய பீப்பாயிற் கிடந்த அழுகிய அப்பிள் எனக் கண்டித்து ஒதுக்குவதும், அவன் செயல் ஆழ்ந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாமையும் திணைக்களத்தில் ஒரு கோட்பாடாகவே நிலைத்துவிட்டன என்றும், உண்மையான சீர்திருத்தத்துக்கு அக்கோட்பாடே அடிப்படை இடையூறென்றும் 1972இல் முடிவுற்ற அதன் அறிக்கை கூறிற்று.

ஆணைக்குழு அத்துடன் நில்லாது வேறு இரு தொடர்களையும் பொதுவழக்குக்கு அளித்தது. தேடித்தேடிப் பெருந்தொகை கறப்போரை ‘இறைச்சி தின்போர்’ என்றும், கைக்கு வந்த சிறுதொகையை வாங்கிக்கொண்டு பேசாதிருப்போரைப் ‘புல் மேய்வோர்’ என்றும் அது பிரித்தது. பெருந்தீங்கு விளைப்போர் இரண்டாமவரே என்பது அதன் துணிபு. அவர்களுடைய எண்ணிக்கை பெரிது. இலஞ்சத்துக்கு ஒரு மரியாதைத் தோற்றத்தை அளிப்பவர்களும் அவர்களே. மந்தை முழுவதும் மேயும்போது மேயாத மாடே விந்தையாகத் தோன்றும். அப்பிளும் புல்லும் உருவகங்களே எனினும், முன்னையது விசாரணையை முடித்துவைக்கின்றது; பின்னையது தொடக்கிவைக்கின்றது.

எனினும் தொடர் ஒழியவில்லை. 2004இல் ஈராக்கின் அபு கிரைப் சிறையிற் கைதிகள் வதைக்கப்பட்ட படங்கள் வெளியானபோது ஒருசில அழுகிய அப்பிள்கள் மீண்டும் பேச்சில் உருண்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஷ்லெசிங்கர் தலைமையிலான குழு, குற்றம் சில தனியாட்களோடு நிற்பதன்று, மேல்மட்டங்களிலும் நிறுவனப் பொறுப்பும் தனிப்பொறுப்பும் உள்ளன என்று அறிக்கையிட்டது. சிறைத்தண்டனை பெற்றோர் கீழ்நிலைப் படையினரே. அப்பிள் வாதத்தை ஏற்காத அறிக்கையும் அப்பிள் வாதத்துக்கியைந்த தண்டனையும் ஒருங்கே நிகழ்ந்தன.

பயன்பாடே பொருள் என்போர் இங்கு என் செய்வர்? இன்று அப்பிள் என்றால் ‘சிலர்’ என்பதற்கு மேல் யாதுமில்லை என்பர். அங்ஙனமாயின் ‘சிலர்’ என்றே கூறிவிடலாம். அவ்வாறு கூறினால், ‘எத்தனை பேர்? எவ்வாறு அறிந்தீர்?’ என்ற வினாக்கள் உடனே எழும். அப்பிள் வந்தவுடன் அவ்வினாக்கள் எழுவதில்லை; அழுகல் பழத்தின் இயல்பு, அதற்குக் காரணகர்த்தா இல்லை, பொறுக்கி எறிந்தால் வேலை முடிந்தது என்று காட்சி தானே விடைகூறிவிடுகின்றது. காட்சி வேலை செய்கின்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

பழமொழியை அதன் ஆதிப்பொருளுக்கு மீட்டுவிட்டாற் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் கருதலாகாது. தமிழரிடையே வழங்கும் ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்ற பழமொழி, ஒன்றைக் கொண்டு முழுமையை மதிப்பிடச் சொல்கின்றது. சமையலுக்கு அது முற்றிலும் உண்மை. பானையிலுள்ள அரிசி யாவும் ஒரே உலையில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வெந்தது. மனிதக் கூட்டத்தின்மேல் அதனை ஏவும்போதுதான் தீங்கு பிறக்கின்றது. 1983 யூலை 23ஆந் திகதி திருநெல்வேலியிற் படையினர் பதின்மூவர் கொல்லப்பட்டதற்குத் தண்டிக்கப்பட்டோர், அச்செயலோடு எவ்விதத் தொடர்புமற்று, கொழும்பிலும் பிற ஊர்களிலும் வாழ்ந்த தமிழ்மக்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை ஒருவர் எஞ்சாது வெளியேற்றிய விடுதலைப் புலிகளும் அதே கணக்கையே போட்டனர். பொலிஸ் படையும் சிறைச்சாலையும் மனிதர் செய்த பீப்பாய்கள். ஆட்களைத் தெரிவதற்கும் பயிற்றுவதற்கும் கட்டளையிடுவதற்கும் அவற்றில் அதிகாரிகள் உளர். ஓர் இனத்தை அவ்வாறு எவரும் அடுக்கி வைக்கவில்லை. அதற்கு உலையும் ஒன்றன்று, நெருப்பும் ஒன்றன்று. ஆயினும் நாள்தோறும் நிகழும் பேச்சிற் காணப்படுவது இதன் மறுதலையே: தன்னைச் சேர்ந்தவன் தவறிழைத்தால் அவன் அழுகிய அப்பிள், மாற்றான் தவறிழைத்தால் அவன் பதம் பார்க்கும் சோறு. ஒரே வாய் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றையதையும் கூசாது கூறுகின்றது.

அப்பிள் குற்றத்தைச் சுருக்கிக் காட்டுகின்றது என்றால், குற்றத்தை முற்றாகவே கரைத்துவிடும் தொடரும் உண்டு. ‘முட்டையை உடையாமல் ஒம்லட் செய்யமுடியாது’ என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 1933 மார்ச் 31ஆந் திகதி நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் அதன் மொஸ்கோ நிருபர் வோல்ற்றர் டுராண்டி, சோவியத் நாட்டிற் பட்டினிச்சாவு இல்லை என நிறுவ முற்பட்ட கட்டுரையில் இத்தொடரைக் கையாண்டார். உக்ரேனின் ஊர்களுக்கூடாக நடந்து திரும்பிய கரெத் ஜோன்ஸ் என்ற இளம் வேல்ஸ் நிருபர், பஞ்சம் நிலவுகின்றது என்று சில நாட்களுக்கு முன்னரே அறிவித்திருந்தார். அவரை மறுப்பதே டுராண்டியின் நோக்கம். 1932, 1933ஆம் ஆண்டுகளில் அங்கு பல இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர் என்பது இன்று வரலாறு. முட்டைக்கு வாயில்லை, ஒம்லட்டுக்காகவே அது வாங்கப்பட்டது, உடைத்தவனை எவரும் நொந்துகொள்வதில்லை. மனிதனை வெறுங்கருவியாக மட்டும் நடத்துதல் ஆகாது என்று கான்ற் 1785இல் வகுத்த நெறியை எதிர்த்து வாதிட ஒருவன் துணிந்தால் அவன் பல பக்கங்கள் எழுதவேண்டியிருக்கும். தொடரோ வாதிடாமலேயே அந்நெறியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றது.

‘தன் சப்பாத்தின் வாரைப் பிடித்துத் தன்னையே தூக்குதல்’ என்பதும் இவ்வகையினதே. 1834இல் அமெரிக்கப் பத்திரிகைகள் இதனை ஆகாத செயலுக்கு எடுத்துக்காட்டாக்கி, தற்பெருமை பேசிய கண்டுபிடிப்பாளன் ஒருவனை எள்ளி நகையாடின. இருபதாம் நூற்றாண்டில் அதுவே ஏழைகளுக்குக் கூறப்படும் அறிவுரையாயிற்று. சப்பாத்தே இல்லாதவனுக்கு இவ்வறிவுரை கொடிய பரிகாசம் என்று மார்ட்டின் லூதர் கிங் 1968இல் சுட்டிக்காட்டினார். இயலாததென அறிந்து உண்டாக்கிய தொடரைக் கொண்டே இயலாதவனைச் சோம்பேறி என்பது எத்துணைப் புதுமை!

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் நியாயமாக எழும். ஒவ்வொரு தொடரையும் நிறுத்துப் பார்த்துப் பேசுவதென்றால் வாழ்க்கை நடவாது. மரணவீட்டிற் சென்று துயர் விசாரிப்போன் வழிவழி வந்த சொற்களையே சொல்கின்றான். அவன் புதுச்சொல் தேடிக்கொண்டிருந்தால் துயருற்றோருக்கு அது ஆறுதலாகாது. தமிழ் இலக்கணகாரர் இடக்கரடக்கலையும் மங்கலத்தையும் தகுதி வழக்கென்று ஏற்றனர். ‘காலமானார்’ என்பது பொய்யன்று, பண்பாடு. ஆட்சேபம் ஏற்கத்தக்கதே. ஆனால் மங்கல வழக்கிற் கேட்போன் எதனையும் இழப்பதில்லை. இறந்தவர் இறந்தார் என்பதை இருவரும் அறிவர். ஒம்லட் தொடரிலோ இறந்தவர் இறந்ததே மறைக்கப்படுகின்றது. கேட்போனின் துயரைத் தணிக்கும் மூடுதிரையும் பேசுவோனின் செயலை மறைக்கும் மூடுதிரையும் ஒன்றல்ல.

ஐக்மன் மீதான வழக்கை 1961இல் ஜெருசலேமில் நேரிற் கண்ட ஹனா ஆரன்ட், 1963இல் வெளியிட்ட நூலில் அவனுடைய பேச்சைப் பற்றி நுணுக்கமாக எழுதியுள்ளார். தேய்ந்த தொடர்களிலன்றி அவனால் ஒரு வாக்கியம் பேச இயலவில்லை. அவ்வியலாமைக்கும் பிறர் நிலையில் நின்று சிந்திக்க இயலாமைக்கும் நெருங்கிய தொடர்புண்டு என்பது அவர் கண்ட முடிவு. அவன் அத்துணை வெறுமையானவன் அல்லன், திட்டமிட்டே செயற்பட்டவன் என்று பிற்காலத்து ஆய்வாளர் அவரை மறுத்துள்ளனர். மறுப்புச் சரியாயினும் தேய்ந்த தொடரின் குற்றம் குறையாது. சிந்தியாதவனுக்கு அது சிந்தனைக்குப் பதிலாகவும், சிந்தித்தவனுக்கு முகமூடியாகவும் உதவிற்று என்றாகும்.

அரச அலுவலகங்களைப் பற்றிய ‘சிவப்பு நாடா’ என்னும் தொடர் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளிலும் மொழிபெயர்ந்து ‘செந்நாடா’ என வழங்குகின்றது. இங்கிலாந்திற் சட்டப் பத்திரங்களைக் கட்டிய நாடா அது. விண்ணப்பம் மாதக்கணக்கிற் கிடந்தால் நாடாவின்மேற் பழி விழுகின்றது. முடிச்சுப் போட்ட கைக்கு யாதொரு குறையுமில்லை. பொறுப்பைப் பிறர்மேற் சுமத்துதலை அமெரிக்கர் ‘பக்கை அடுத்தவரிடம் தள்ளுதல்’ என்பர். போக்கர் சீட்டாட்டத்தில் அடுத்துச் சீட்டுப் பங்கிடவேண்டியவர் யாரெனக் காட்ட அவர் முன் வைக்கப்பட்ட அடையாளப் பொருளே அந்தப் பக். 1945 ஒக்டோபரில் ஜனாதிபதி ட்ரூமனுக்கு, ‘பக் இங்கே நின்றுவிடுகின்றது’ என்று எழுதிய சிறு பலகையொன்று அனுப்பப்பட்டது. ஒக்லஹோமா மாநிலத்து எல் ரீனோ சீர்திருத்தச் சிறைச்சாலையிற் செய்யப்பட்ட பலகை அது. அவருடைய மேசையில் இருந்தபோது அவ்வாசகம் வந்தோரை நோக்கியே நின்றது. அவரை நோக்கிய மறுபக்கத்தில் இன்னொரு மரபுத்தொடர் எழுதப்பட்டிருந்தது: ‘நான் மிசூரிக்காரன்’. மிசூரி அவருடைய சொந்த மாநிலம். கண்ணாற் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்பது அதன் பொருள்.